பிளாஷ் நழுவிய காரணம்

கேமராவைச் சாய்த்ததும் புது பிளாஷ் மூன்றாவது முறையாக நழுவி ஸ்டுடியோ மேசைமேல் விழுந்தது.

"நேத்து நீ எங்கயோ கீழ போட்டிருக்க," என்றான் அண்ணன். "இன்னைக்கு ஸ்கூல் போட்டோவுக்கு நானே போறேன்."

தங்கைக்கு முகம் சுண்டிவிட்டது. அவள் தனியாகச் செய்யவிருந்த முதல் வேலை அது.

"பத்து நிமிஷம் குடுண்ணா. அப்பவும் நிக்கலைன்னா நீயே போ."

பிளாஷின் பூட்டு நன்றாகத்தான் திரும்பியது. ஆனால் பிளாஷின் அடிப்பகுதி, கேமராவின் மேலே அதை மாட்டும் காடிக்குள் முழுதாகப் போகாததால், பூட்டின் ஊசி அதற்குரிய குழியில் இறங்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தாள். காடியின் கோடியில் ஏதோ வெள்ளையாக அடைத்திருந்தது. சாமணத்தால் இழுத்தாள். மடித்துச் செருகிய விசிட்டிங் கார்டுத் துண்டு வந்தது. அதில் அண்ணனின் பெயர் பாதி இருந்தது.

பிளாஷை மாட்டிப் பூட்டி, கேமராவைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாள். அது அசையவில்லை. பிறகு அந்தத் துண்டை அண்ணன் முன்னால் வைத்தாள்.

அவன் தலையைச் சொறிந்தான். "பழைய பிளாஷ் ஆடுதுன்னு நான்தான் செருகினேன். சுத்தமா மறந்துட்டேன்."

"அப்ப நான் ஒண்ணும் கீழ போடலைல்ல?"

"சரி சரி, வாயாடாம கிளம்பு. டீச்சர் காத்துட்டிருப்பாங்க."

கேமராப் பையை அவனே எடுத்து அவள் தோளில் மாட்டினான்.