எட்டாம் சொட்டு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஜெயக்கொடி தன் விரலைத் தானே குத்திக்கொண்டது அவசரத்தில்தான். வழக்கமாக அந்தச் சொட்டு, கூடத்தை நடத்தும் இன்பசேகரன் சாருடையது. மேற்கே ஊர் ஊராகப் போய் எடுத்துவந்த ஏழு பேரின் ரத்தத்தை ஈரக் காகிதப் பட்டையின் ஓரத்தில் வரிசையாக வைத்து, எட்டாவதாக நல்ல ரத்தம் ஒன்றையும் வைக்க வேண்டும். நல்லது பக்கத்தில் இருந்தால்தானே கெட்டது கண்ணுக்குத் தெரியும்? சார் அன்றைக்கு ஏதோ கூட்டமென்று சென்னைக்குப் போயிருந்தார். பதினோரு மணிக்குக் கரண்ட் போய்விடும். அதற்குள் யாரைத் தேடுவது? தன் ரத்தத்தையே வைத்து, பட்டையில் மின்சாரத்தைச் செலுத்திவிட்டு, யார் யாருக்குப் பத்திரிகை கொடுக்கவில்லை என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எண்பத்து நான்காம் வருஷம், வைகாசி மாதம். அவள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்துப் பட்டையை எடுத்துச் சாயத்தில் நனைத்துக் கழுவினாள். மின்சாரம் இழுக்கிற இழுப்பில் ரத்தத்தின் சிவப்பில் பெரும்பகுதி முன்னால் ஓடிவிடும். கொஞ்சம் மட்டும் பின்தங்கி மெல்லிய கோடாக நிற்கும். அந்தக் கோடு தடித்திருந்தால் அந்த ஆள் ஒரு குறையைச் சுமக்கிறான் என்று அர்த்தம். சுமக்கிறவனை அது ஒன்றும் செய்யாது. களை வெட்டுவான், கபடி ஆடுவான், பேரன் பேத்தி எடுப்பான். அதே குறையைச் சுமக்கிற ஒருத்தியைக் கட்டினால்தான் வினை. இரண்டு பக்கமிருந்தும் அது குழந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், அந்த உடம்பில் ரத்தம் ஒழுங்காக ஊறாது.

ஏழு கோடுகளும் மெலிதாக இருந்தன. எட்டாவது தடித்திருந்தது.

பட்டையைத் திட்டினாள். சாயத்தைத் திட்டினாள். மத்தியானம் கரண்ட் வந்ததும் வேறு விரலைக் குத்தி, வேறு பட்டையில் வைத்துப் பார்த்தாள். விரலை மாற்றினால் ரத்தம் மாறிவிடுமா? இரண்டாவது பட்டையும் அதையேதான் சொன்னது. எத்தனை ஊரில், எத்தனை பொம்பளைகளிடம், "சொந்தத்துல கட்டுறதுன்னா ஒருதரம் ரத்தத்தப் பாத்துட்டுக் கட்டுங்கக்கா" என்று சிரித்த முகமாகச் சொல்லியிருப்பாள்! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

அவள் கட்டிக்கொள்ளப் போகிறவன் மலையாண்டி, அம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. திண்டுக்கல் ரோட்டில் பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். எட்டு வயதில் அவன் சைக்கிள் பாரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவள் அவள். அவன்மேல் அவளுக்கு இருந்த ஆசை அவர்கள் ஊரான விளாங்குடி முழுக்கத் தெரிந்த விஷயம்.

இரண்டு நாள் கழித்து வந்த இன்பசேகரன், பட்டையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"எட்டாவது யாரும்மா?"

"நாந்தான் சார்."

"மாப்பிள்ளை சொந்தமா?"

"தாய்மாமன் சார்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அவர் ரத்தத்தைப் பார்க்காம நாம எதுவும் பேசக் கூடாது. அவருக்கு இல்லாமலும் இருக்கலாம். கூட்டிட்டு வாங்க" என்றார்.

அந்த 'இல்லாமலும் இருக்கலாம்' என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அன்றிரவு அவள் தூங்கினாள்.

மறுநாள் மலையாண்டி கிரீஸ் கையைத் துடைத்தபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். "என்ன புள்ள, மாப்ளைக்கு ரத்தமெல்லாம் பாக்குறீக? மாட்டுத்தாவணிச் சந்தையிலகூட பல்லப் புடிச்சுப் பாக்குறதோட விட்ருவாங்ய" என்றான். அவள் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்திக்கொண்டான். கையை நீட்டினான்.

அந்த முக்கால் மணி நேரம் அவளுக்கு நகரவே இல்லை. கழுவி எடுத்தபோது மூன்று பேரின் கோடுகள் அடுத்தடுத்து இருந்தன. சாருடையது மெல்லியது. அவளுடையது தடித்தது. அவனுடையதும் தடித்தது. ஒரே கையால் இழுத்த மாதிரி இரண்டும் ஒன்றுபோல் இருந்தன.

சார் பக்கத்து அறையில் இருந்தார். பட்டையைக் கிழித்துத் தொட்டியில் போட்டுவிட்டு, கரண்ட் போய் வீணாகிவிட்டது என்று சொன்னால் போதும். மலையாண்டி கேட்கவா போகிறான்? கிழிப்பதற்காகவே அதைக் கையில் எடுத்தாள், கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். கடைசியில் நோட்டில் ஒட்டிவிட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

விளாங்குடி வீட்டில் அம்மா மாயக்காள் கல்யாணத்துக்குப் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா செத்து ஆறு வருஷம். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஜெயக்கொடி உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள், பிறக்கும் பிள்ளைக்கு நாலில் ஒரு பங்கு ஆபத்து என்பது உட்பட. அம்மா கத்துவாள், 'எந்தம்பிக்கா கொற சொல்ற' என்று முறத்தைத் தூக்கி எறிவாள் என்றுதான் நினைத்திருந்தாள். அம்மா தலை நிமிரவில்லை. பேசியது மலையாண்டி.

"நாலுல ஒண்ணுன்னுதான சொல்ற? மூணு நம்ம பக்கம் இருக்குல்ல புள்ள!"

"நாலு பெத்தா ஒண்ணுங்கிற கணக்கு இல்ல மாமா. ஒவ்வொரு புள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு. மொதப் புள்ளைக்கே வரலாம். உனக்கு வேற ஒருத்தி, எனக்கு வேற ஒருத்தன்னு ஆகி, வாரவுகளுக்கு இந்தக் கொற இல்லேன்னா ஒரு புள்ளைக்கும் வராது."

"வேற ஒருத்தனா?" அவன் குரல் உயர்ந்தது. "வெளாடுறியா?"

"அந்தப் புள்ள எப்பிடி இருக்கும்?" என்றாள் அம்மா.

இருவரும் திரும்பினார்கள்.

"பொறக்கும்போது நல்லாத்தாம்மா இருக்கும். ஆறு மாசத்துக்கு மேல வெளுத்துக்கிட்டே வரும். பால் குடிக்கவே மூச்சு வாங்கும். வயிறு உப்பும். கன்னத்து எலும்பு தூக்கி மொகமே மாறிப் போகும்."

"வயித்துல இடது பக்கம் தொட்டா, கல்லு மாதிரி இருக்குமா?"

அதை ஜெயக்கொடி சொல்லவில்லை. சாருடைய புத்தகத்தில் அது எழுதியிருந்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது.

"உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான்டி. வீரணன்னு பேரு. காய்ச்சல்ல போனான்னுதான் உங்கிட்டச் சொல்லிவச்சேன். மாசமா இருக்கையில, கிரகணத்தன்னைக்கு மாட்டுக்குப் புல்லறுக்கப் போனேன். அதுலதான் புள்ள இப்பிடிப் பொறந்துச்சு, பெத்தவளே புள்ளையத் தின்னுட்டான்னு ஊரு சொல்லுச்சு. உங்கப்பன் சாகுற வரைக்கும் சொன்னாரு. நானும் அப்பிடித்தான்னு நெனச்சேன்." அம்மா இப்போதுதான் மகளை நிமிர்ந்து பார்த்தாள். "கிரகணத்தால வராதாடி?"

"வராதும்மா. உங்கிட்ட இருந்து பாதி, அப்பாகிட்ட இருந்து பாதி. அம்புட்டுத்தான். நீ ஒண்ணும் பண்ணலம்மா."

முறம் மடியிலிருந்து சரிந்து பருப்பெல்லாம் தரையில் கொட்டியது. மாயக்காள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இருபத்து மூன்று வருஷமாகத் தனக்குத் தானே கொலைகாரியாக இருந்தவளின் அழுகை அது. கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அக்கா," மலையாண்டி மெதுவாக ஆரம்பித்தான், "அது அந்தக் காலம். இப்பத்தான் ஆஸ்பத்திரி இருக்குல்ல. நாலுல மூணு..."

"அந்த நாலுல ஒண்ண நான் பெத்தேன்டா! ரெண்டு வருசம் இந்த இடுப்புல வச்சிருந்தேன்டா. எம்மகளுக்கு அது வேண்டாம்."

அவன் ஜெயக்கொடியைப் பார்த்தான். அவள் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்காவை மீறியிருப்பான். அவளுக்கும் அது தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை அசைத்தாள், வேண்டாமென்று.

மாயக்காள் எழுந்து உள்ளே போனாள். பரிசத்துக்கு அவன் எடுத்துவந்த அரக்குச் சேலையைத் தட்டோடு கொண்டுவந்து தம்பிக்கு நேரே நீட்டினாள். சம்பந்தம் முறிந்தால் பரிசத்தைத் திருப்பிவிட வேண்டும், அதுதான் முறை.

மலையாண்டி தட்டைத் தொடவில்லை. குனிந்து, தரையில் கிடந்த பருப்பைக் கையால் கூட்டி முறத்தில் அள்ளிப் போட்டான். முகத்தைக் காட்டாமலே பேசினான்.

"அது அவகிட்டயே இருக்கட்டும்க்கா. எவனக் கட்டுனாலும் தாய்மாமன் சீரு நாந்தான செய்யணும்."

அதற்குமேல் ஜெயக்கொடியால் தாங்க முடியவில்லை. சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவன் கடைசிப் பருப்பு வரைக்கும் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் வெளியே போனான்.