மழை கேட்டவள்

ஊரெல்லாம் மாரியாத்தாளை வா வா என்று கூப்பிடும். மரக்காணத்து உப்பளத்துக்காரர்கள் மட்டும் ஐப்பசி வரைக்கும் அந்தப் பக்கமே இரு தாயே என்று கும்பிடுவார்கள். கூழ் ஊற்றுவதில் குறை வைக்க மாட்டார்கள். மழையை மட்டும் கொண்டுவராதே என்பார்கள். அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வைகாசியில் அமராவதியின் வேண்டுதல் தலைகீழாகப் புரண்டுபோனது. அவள் புருஷன் காசிலிங்கம் இருபத்தைந்து வருஷமாகப் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர். வாரியதைக் கூடையில் அள்ளி, தலைச்சுமையாகக் கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது இவள். உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயிலைப் பார்த்துப் பார்த்து அவர் கண் ரெண்டும் புகைந்துபோயிருந்தன. தட்டில் முள் எது, மீன் எது என்று விரலால் தடவித்தான் சாப்பிட்டார். புதுச்சேரியில் மருந்துக்கடையில் வேலை செய்யும் மகள் சந்தியா, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரச் சொல்லி நாலு தடவை போன் பண்ணிவிட்டாள்.

"உப்பு வெளைஞ்சி நிக்குது. இப்ப லீவு போட்டா என் பாத்திய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. மழை வந்து வேல நிக்கட்டும், அப்பறம் போலாம்" என்றார் காசிலிங்கம்.

"அதுக்கு ஐப்பசி ஆவுமே. அதுவரைக்கும் கண்ணு இருக்குமாங்க?"

"அதெல்லாம் ஆத்தா பாத்துக்குவா."

சாமியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற ஆளோடு என்னத்தைப் பேசி ஜெயிப்பது.

மத்தியானத்தில் உப்பளம் கனவில் வருகிற இடமாக மாறிவிடும். வரப்புகள் நெளியும். தூரத்தில் சென்னைக்குப் போகிற பஸ் தண்ணீர்மேல் மிதந்து போகும். கூடையோடு நடக்கிறவளுக்குத் தான் நடக்கிறோமா நிற்கிறோமா என்பதே தெரியாது. எதிரே காசிலிங்கம் காலே இல்லாமல், இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தார். அதுவும் வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது. அப்போதுதான், கை கூப்பக்கூட முடியாமல், மனசுக்குள் கேட்டுவிட்டாள். ஆத்தா, ஒரே ஒரு மழை குடு. ரெண்டு நாள் வேலை நின்றால் போதும்.

கேட்டதுமே பயம் பிடித்துக்கொண்டது. சுற்றிலும் நாற்பது குடும்பத்தின் கூலி பாத்திகளில் விளைந்து கிடந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடல் பக்கம் மேகம் கட்டியது. பிடித்த மழை ரெண்டு மணி நேரம் விடவில்லை. கரையில் குவித்திருந்த உப்பைத்தான் கீற்றுப் போட்டு மூட முடிந்தது. "உப்பு விக்கப் போனா மழை பெய்யுதுன்னு சொன்னவன் நம்ம ஊர்க்காரனாத்தான் இருப்பான்" என்று கூட வேலை செய்யும் முத்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அமராவதி கொட்டகைக்குள் நின்று, நனையாமலே நடுங்கினாள். ஒவ்வொரு துளியும் தன் வாயிலிருந்து விழுவதாகப் பட்டது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. அதுதான் வெட்கமாக இருந்தது.

காலையில் மழை விட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்றால், முதலில் பாத்தியைப் பார்க்க வேண்டும் என்று காசிலிங்கம் நடையைக் கட்டினார். காலுக்குப் பழகிய வழி, கண் தேவைப்படவில்லை. அமராவதி பின்னாலேயே போனாள். நான்தான் கேட்டேன் என்று சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள்.

பாத்தியில் ஒரு கல் உப்பு இல்லை. கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. வெளுத்த வானம் அதில் அப்படியே படுத்துக் கிடந்தது.

காசிலிங்கம் வரப்பில் நின்று, புருவத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"பாரு அமராவதி, ஒரு கல்லு கரையல. எப்பிடி வெள்ளையா கெடக்குது பாரு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. ஆத்தா நம்ம பக்கந்தான்."

கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவள் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் போன இடம் தெரியவில்லை. அவர் பார்வை இவ்வளவு தூரம் போய்விட்டது என்று அவளுக்கே தெரியாது.

"எறங்கி ரெண்டு பாத்தி வாரிட்டு வந்துடறேன், அப்பறம் போவலாம்" என்று அவர் தண்ணீருக்குள் காலை நீட்டினார்.

அமராவதி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். வெளியிடத்தில் அவள் அவர் கையைத் தொட்டதே கிடையாது.

"இன்னிக்கு வாரக்கூடாதுங்க" என்றாள். "ஆத்தா காப்பாத்தின உப்பு. ஒரு நாள் அப்பிடியே கெடக்கட்டும்."

"அதுவும் சரிதான்" என்று காசிலிங்கம் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரை இன்னொரு தடவை கும்பிட்டார். அவள் கும்பிடவில்லை. பிடித்த கையை விடாமல், இங்கே மேடு, இங்கே சேறு என்று ஒவ்வோர் அடிக்கும் சொல்லிச் சொல்லி, பஸ் ஸ்டாப்பிங் பக்கம் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.