தோலோடு வேகும் சோளக்கதிர்

கிரேன் ஓட்டுகிறவனுக்குச் சமையலில் தெரிந்ததெல்லாம் வெந்நீர் வைப்பதுதான். ஆனால் மகள் வருகிறாள் என்றதும் மனுஷன் மைக்ரோவேவோடு மல்லுக்கட்டினான். உரித்துப் போட்ட முதல் சோளக்கதிர் ரப்பராகிவிட்டது. காய்கறிக் கடைக்காரம்மாதான், "தோலோடயே போடுய்யா, உள்ள இருக்கிற ஈரத்துலயே வெந்துரும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அவன் வெளியூர் வேலையே கதியென்று கிடந்த வருஷங்களில் மனைவி விவாகரத்து வாங்கி, மறுகல்யாணமும் செய்துகொண்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல அவனுக்கு வாயில்லை. "பாப்பா சரின்னு சொன்னா லீவு முழுக்க உங்ககூட இருக்கட்டும்" என்று அவளேதான் சொல்லியிருந்தாள். அந்த ஒரு சரிக்காகத்தான் இத்தனை பாடும்.

எட்டு வயது மகள் நாற்காலி நுனியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மைக்ரோவேவ் கத்தியதும் அவன் துண்டால் கதிரை எடுத்து, அடிப்பக்கத்தை வெட்டி, நுனியைப் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினான். நார் ஒன்றுகூட ஒட்டாமல் கதிர் வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தது.

"ஐ!" என்று கைதட்டினாள். பாதி லீவு அப்போதே கைக்கு வந்துவிட்ட மாதிரி அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

வெண்ணெய் தடவிக் கொடுத்தான். ரெண்டு கடி கடித்துவிட்டு, "நீங்க சாப்பிடலையா?" என்றாள்.

முன்பெல்லாம் நீ வா, நீ போ என்று அவனை அதட்டிய வாய் அது.

"என்னடி, பெத்த அப்பனப் போய் நீங்கங்கிற? மரியாதையெல்லாம் பலமா இருக்கே!" என்று சிரித்தான். "வீட்ல இருக்கிற அப்பாவையும் இப்படித்தான் சொல்றியா?"

"இல்ல. அவர நீன்னுதான் சொல்லுவேன்."

"அது ஏனாம்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அவரு தெனமும் இருக்காரே" என்றாள்.

லீவுக்கு இங்கே இருக்கிறாயா என்று கேட்டால், அவள் மரியாதைக்காகச் சரி என்றுகூடச் சொல்லிவிடுவாள். அதை நினைத்தால்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"மெதுவா சாப்பிடும்மா, சுடும்" என்றான். "அம்மாவ வரச் சொல்லிடறேன்."

போனை எடுத்துக்கொண்டு, அவளுக்கு முகம் தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.