சத்தம் கேட்டால் விரலைத் தூக்கவும்

…இல்லை, டோக்கன் எண்ணை வைத்து ஏற்கெனவே பேசியாகிவிட்டது, நம் எண் எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது, ஆனால் கட்டாயம் வரும் என்று அவள் முடித்தபோது சபையின் பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சிய சத்தம் இன்னும் நினைவிருக்கிறது, மறுபடி அதையே எடுத்தால் ‘பாடம் அக்கா’வுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தவர்களே பேசுவார்கள். வேறு என்ன இருக்கிறது இங்கே? காது மருத்துவமனையின் மாடித் தாழ்வாரம், வெளிர்பச்சைச் சுவர், கால் ஆடும் நாற்காலிகள், மூலையில் தண்ணீர் இயந்திரம், அதன்மேல் ‘பழுது’ என்று ஒட்டிய காகிதம்… ஆனால் அந்தக் குண்டு அம்மாள் இப்போதுதானே அதில் பிடித்துக் குடித்துவிட்டுப் போனாள்? அதாவது சரிசெய்துவிட்டார்கள், காகிதத்தை மட்டும் எடுக்கவில்லை. அட, பரவாயில்லையே! ஆண்டவர் மன்னித்த பிறகும் பழுது என்ற காகிதத்தை நாமே நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிறோம்… வரும், நன்றாகவே வரும், ஆனால் ஐந்து நிமிடத்துக்குத்தான் வரும். நாளைக்கு ஐந்து நிமிடம் போதாது.

நாளைக்கு முழுப் பிரசங்கம். போதகர் வெளியூர் போகிறார், போகிறவர் சபையில் இருக்கும் படித்த பெரியவர்களை எல்லாம் விட்டுவிட்டு நேராக அவள் வேலை செய்யும் மருந்துக் கடைக்கு வந்து, இருமல் மருந்து வாங்குகிற சாக்கில், “இந்த ஞாயிறு நீங்களே பேசிடுங்கம்மா” என்றார். கல்லாவுக்குப் பின்னால் அவள் நின்ற நிலையைப் பார்த்திருக்க வேண்டும், மீதிச் சில்லறை கொடுக்கக்கூட மறந்துவிட்டாள். வாராவாரம் ஆராதனை தொடங்குமுன் ஐந்து நிமிடம் அவளுக்கு, அன்றாட வாழ்க்கையில் ஆண்டவர் கற்றுக்கொடுத்தது என்று ஏதாவது ஒன்று சொல்வாள், மருந்து அட்டையின் காலாவதித் தேதி, பொத்தான் மாறிப் போட்ட சட்டை, விசில் வரும்முன் திறக்கப் பார்த்த குக்கர், எதுவும் அவளிடமிருந்து தப்பாது. தெருவில் காலில் முள் குத்தினாலும் ஐயோ என்பதற்குமுன் அதில் என்ன பாடம் என்றுதான் மனம் ஓடும். கொழுந்தனின் மனைவிக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல், இருக்கட்டும். வரம் என்பது கேட்டுக் கிடைப்பதா என்ன? பெருமைப்படக் கூடாதுதான், தெரியும், பெருமை பாவம் என்று அவளே இரண்டு தடவை பேசியிருக்கிறாள், இரண்டும் நன்றாகவே அமைந்தன.

பக்கத்தில் கணவர் உள்ளங்கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். லிப்ட் மெக்கானிக். அவளுடைய பாடங்களில் பாதி அவரிடமிருந்து வந்ததுதான். ‘தள்ளவும்’ என்று எழுதிய கதவை இழுத்துக்கொண்டு நின்றவர், நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடியவர், எல்லாவற்றுக்கும் மேலாக, தானே பழுது பார்த்த லிப்டில் தானே மாட்டிக்கொண்டு மத்தியானம் முழுக்க உள்ளே இருந்தவர்… அந்த வாரம் சபை சிரித்த சிரிப்பில் குழந்தைகள் எழுந்து அழுதன. அதிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு அவர் மாட்டிக்கிட்ட மாமா. அவரும் சிரிப்பார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். எப்போதாவது கோபப்பட்டாரா? இல்லையே. இன்று காலையில்தான், சட்டைக் கையை மடித்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், “இந்தக் காது விஷயம் மட்டும் நாளைக்கு வேணாம்” என்றார். சரி சரி என்று அவள் பால் பாத்திரத்தை இறக்கிவைத்தாள். சரி சரி என்றால் சரி என்று அர்த்தமா? கிளம்புகிற அவசரத்தில் சொன்னதுதானே.

எண் வந்தது. உள் அறையில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் அவரை உட்காரவைத்து, காதில் பெரிய கருவியை மாட்டி, சோதனை செய்யும் பெண் வெளியே இயந்திரத்தின்முன் உட்கார்ந்துகொண்டாள். மகள் வயதுதான் இருக்கும். எந்தக் காதில் சத்தம் கேட்டாலும் விரலைத் தூக்குங்கள், எவ்வளவு மெலிதாகக் கேட்டாலும் தூக்குங்கள் என்று சத்தமாகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். கூட வந்தவளுக்குச் சுவரோரம் ஒரு முக்காலி கிடைத்தது. பெண் பொத்தானை அழுத்த, உள்ளே விரல் எழுந்தது. மறுபடி அழுத்த, மறுபடி விரல். முக்காலியில் இருந்தவளுக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. எவ்வளவு மெலிதாகக் கேட்டாலும்! இதுதானே, இதைத்தானே தேடிக்கொண்டிருந்தாள்? அழைக்கிறவர் சத்தம் போட்டு அழைப்பதில்லை, உலகத்தின் இரைச்சலைக் கதவு சாத்தி வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்தால் கேட்கும், கேட்டால் விரலைத் தூக்கு… முழுப் பிரசங்கத்துக்குத் தாங்கும், கடைசியில் எல்லோரையும் கண்ணை மூடிக் கையைத் தூக்கச் சொல்லலாம். ஆனால் அவர் வேண்டாம் என்றாரே. பெயரைச் சொல்லாமல் சொன்னால்? எனக்குத் தெரிந்த ஒருவர் என்றால்? பாடம் அக்காவுக்குத் தெரிந்த ஒருவர் யார் என்று தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

விரல் டக் டக்கென்று எழுந்துகொண்டிருந்தது. நல்ல காதுதான் போலிருக்கிறது, வீணாகப் பயந்தோம்… அப்படியானால் வீட்டில் ஏன் எதற்கெடுத்தாலும் என்ன, என்ன என்கிறார்? அவர் எங்கே பார்க்கிறார்? சுவரையும் இல்லை, மடியையும் இல்லை. அவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பாவம், தொழிலில் கருத்தான பெண், பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அவள் புருவம் தன்னை அறியாமல் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. புருவம் ஏறியது, விரல் எழுந்தது. புருவம், விரல். இந்தச் சோதனை கம்பெனி கேட்டது, தேறாவிட்டால் இனி லிப்ட் ஓடும் குழிக்குள் இறங்க விடமாட்டார்கள், கிடங்கில் உட்கார்ந்து போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான், அது அவருக்கு உயிர் போகிற மாதிரி. ஆனால் மேலே நிற்பவன் ‘நிறுத்து’ என்று கத்தும்போது கீழே இருப்பவருக்குக் கேட்காவிட்டால்? சொல்லிவிடலாமா, தங்கச்சி, உன் புருவத்தை மறைச்சுக்கோ என்று? சொன்னால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் நாளைக்கு எந்த வாயால் உண்மையைப் பற்றிப் பேசுவது? வாராவாரம் ஊருக்குச் சொன்னவளுக்கு இன்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஆண்டவரே ஆண்டவரே என்றுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது அவர் அவளைப் பார்த்தார். அவள் பார்த்துவிட்டதைப் பார்த்தார். பிறகு காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு, கூண்டின் கதவைத் தானே திறந்தார்.

“ஏம்மா, எனக்குப் பாதி சத்தம் கேக்கல. உன் புருவத்தப் பாத்துத்தான் விரலத் தூக்கிட்டிருந்தேன். நாற்காலியத் திருப்பிப் போட்டுக்கறேன், முதல்லேருந்து வை.”

அந்தப் பெண் சிவந்துபோய் ஏதோ மன்னிப்புச் சொன்னாள். அவர் நாற்காலியைத் தூக்கி, சத்தமில்லாமல், தொழில்காரனின் கையோடு, சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இப்போது அவளுக்குத் தெரிந்தது அவர் முதுகும், முழங்காலில் இருந்த அந்தக் கையும் மட்டும்தான். பொத்தான் அழுந்தியது, விரல் எழவில்லை. மறுபடி அழுந்தியது, எழவில்லை. எழாத ஒவ்வொரு தடவையும் அவளுக்குள் ஏதோ பொங்கியது, அது துக்கம் இல்லை, துக்கமும்தான், அதற்குமேல் வேறொன்று, நெஞ்சு விம்மிப் புடவைத் தலைப்பைத் தாண்டி வந்துவிடும்போல ஒரு பெருமை… இவர் என் வீட்டுக்காரர், இதோ அசையாமல் உட்கார்ந்து தன் வேலை கையைவிட்டுப் போவதைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறாரே, இவர்தான், கதவை இழுத்தவர் என்று நீங்களெல்லாம் சிரித்தீர்களே, அவர்தான். நான்தான் சிரிக்க வைத்தேன். போதகர் பேசினாரே, நான் பேசினேனே, எத்தனை ஞாயிறு, யாராவது நாற்காலியைத் திருப்பிப் போட்டோமா? எழுந்து நின்று இதைச் சொல்ல வேண்டும், அத்தனை பேரும் திரும்பி அந்தக் கடைசி பெஞ்சைப் பார்க்க வேண்டும், இந்தத் தடவை யாரும் சிரிக்க மாட்டார்கள்… முதல் வாக்கியம்கூடத் தயாராக வந்து நாக்கில் நின்றது: நேற்று என் கணவர் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டார். அடடா, என்ன தொடக்கம்! அவளுக்குப் புல்லரித்தது. உடனே ஒரு மாதிரியாகவும் இருந்தது. இந்தப் பூரிப்பு அவருக்காகவா, அந்த வாக்கியத்துக்காகவா?

வலது காது பரவாயில்லை, இடது காதுதான், கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். காது கேட்கும் கருவி மாட்டலாம், ஆனால் கம்பெனிக்கு உள்ளதை உள்ளபடிதான் எழுத முடியும். “எழுதும்மா, அதுக்குத்தான வந்தேன்” என்றார். வெளியே வந்து லிப்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படிக்கட்டுப் பக்கம் நடந்தார். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிப்டில் ஏறி, மோட்டார் எப்படி ஓடுகிறது என்று காது கொடுத்துக் கேட்டு, எண்ணெய் போடாத பாவி எவன் என்று திட்டுகிறவர். அவள் கூடவே இறங்கினாள். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, கிடங்கு வேலையும் வேலைதான் என்றா? ஆண்டவர் ஒரு கதவை அடைத்தால் என்றா? சீ, அதெல்லாம் மைக் முன்னால் சொல்கிறவை. அவருக்குத் தேவையான ஒன்று இருந்தது, அவர் வாய்விட்டுக் கேட்ட ஒன்று. படியின் திருப்பத்தில் அவர் பக்கம் சாய்ந்து, மெதுவாக, மனதாரத்தான் சொன்னாள்.

“என்னங்க, நாளைக்கு உங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேன்.”

அவர் திரும்பவில்லை. அடுத்த படியில் காலை வைத்தார், அதற்கடுத்த படியில் வைத்தார், முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அவள் நடந்துகொண்டிருந்தது அவருடைய இடது பக்கம். என்றைக்கும் அந்தப் பக்கம்தானே நடப்பாள், பழக்கம், வேறென்ன… ஆனால் அந்தப் பெண் எந்தக் காது என்று சொல்லி இன்னும் ஒரு மாடிகூட இறங்கவில்லையே, அதற்குள்ளாகவா மறந்துபோகும்? அவருக்கு வலது பக்கம் கைப்பிடிவரை ஒரு ஆள் நடக்கிற இடம் காலியாகத்தான் கிடந்தது. சுற்றிப்போய் இன்னொரு தடவை சொன்னால் ஆயிற்று. அவள் இடது பக்கமாகவே இறங்கிக்கொண்டிருந்தாள், அந்த முதல் வாக்கியம் நாக்கை விட்டு நகரவில்லை.