தள்ளி நிற்கச் சொன்ன வாத்தியார்

இந்தக் காலத்தில் எவனுக்கும் 'தப்பு' என்று முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லை என்பது இஞ்ஞாசியின் முடிந்த முடிவு.

வேட்டி நெய்தே நரைத்தவர், திண்டுக்கல் நெசவாளர் சங்கத்தில், துணியில் பூப் போடும் ஜக்கார்டு தறி வகுப்பில் வந்து உட்கார்ந்ததற்கு அவர் வாய்தான் காரணம். அந்தோணியார் திருவிழாவுக்குச் சிலுவை போட்ட பீடத் துணி தன் கையாலேயே நெய்து தருவதாகக் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லித் தொலைத்துவிட்டார். திருவிழாவோ நெருங்கிவிட்டது. தவறினால் தெருவே சிரிக்கும்.

அட்டைகளில் ஓட்டை போட்டு, வரிசையாகக் கோத்துத் தறியின் தலையில் மாட்ட வேண்டும். ஓட்டை சொல்கிறபடிதான் நூல் எழும். இஞ்ஞாசி மாட்டினார். கரைக்கு மேலே ஒரு சிலுவை நெய்து பார்த்துவிட்டு, சொல்லிக்கொடுக்கிற அப்துல் லத்தீப்பைக் கூப்பிட்டார். லத்தீப்புக்கு அவர் மகன் வயது.

"ஓட்டையெல்லாம் சுத்தமா இருக்கு பெரியவரே. செத்த தள்ளி நின்னு பாருங்க."

"தப்பு இருக்கா இல்லையா? அதைச் சொல்லுங்க வாத்தியாரே."

"இருக்கு. நீங்களே கண்டுபிடிச்சா மறக்காது."

விஷயம் தெரியாதவன் பேசுகிற பேச்சு! அந்தக் காலத்து ஆசான் முட்டியில் ஒன்று போடுவார். தப்பு எங்கே என்று முட்டிக்கே தெரிந்துவிடும். தள்ளி நிற்பதாவது! மூக்கு துணியில் உரச, இழை இழையாகத் தேடினார். மத்தியானம் வரை தேடியும் அகப்பட்டது அவருடைய நரைமுடி ஒன்றுதான்.

சோறு கொண்டுவந்த மனைவி வியாகுலம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏசுவே! சிலுவையத் தலைகீழா நட்டு வச்சிருக்கீகளே!"

அட்டைகளைக் கடைசியிலிருந்து கோத்திருந்தார். விடிந்ததும் நெற்றியில் சிலுவை வரைகிற மனுசன், அதற்குத் தலை எது கால் எது என்று தெரியாமல் அரை நாளாக முகர்ந்துகொண்டிருந்திருக்கிறார்.

அவிழ்த்து மறுபடி கோத்தார். சிலுவை நிமிர்ந்து நின்றது.

"நாளைக்கே பீடத் துணிய ஆரம்பிச்சிரலாம். பாத்தீகளா, நீங்களே கண்டுபிடிச்சிட்டீக" என்றார் லத்தீப்.

"நானெங்க கண்டேன்? இவ கண்டா, வாசல்ல நின்னு."

"அம்புட்டுத் தள்ளி நின்னா தெரியத்தான செய்யும்?"

வியாகுலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தலைகீழுன்னு ஒத்த வார்த்தை. சொன்னா வாய் வலிக்குமா?" என்றார் இஞ்ஞாசி.

"சொல்லியிருந்தா அடுத்த பூவுக்கும் என்னையத்தான கூப்பிடுவீக?"

"பெறகு உங்களுக்கு எதுக்குச் சம்பளம்?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். கொஞ்ச தூரம் போனதும் மனைவி பக்கம் திரும்பினார்.

"நீ சொன்ன பெறகுதான் அந்த ஆளுக்கே தெரிஞ்சிருக்கும். பாத்துக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.