யார் வந்தாலும் இளையபெருமாள்

அமாவாசையன்று என்னைச் செஞ்சிக்கு வரச் சொன்னவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும். பாண்டிச்சேரியில் ஏறிய பஸ் முழுக்க மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டம். என் மடியில் யாரோ ஒருத்தியின் கோழி. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு இதெல்லாம் தேவையா?

விநாயகத்தின் கடை பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருந்தது. பெயர், பிறந்த தேதி, நேரம் சொன்னால் கம்ப்யூட்டர் ஜாதகம் கணித்து அச்சடித்துக் கொடுக்கும். எண்பத்தெட்டில் செஞ்சிக்கு அதுவே அதிசயம். ஆனால் கொஞ்ச நாளாக யார் பெயரைத் தட்டினாலும் இளையபெருமாள் என்றே அச்சாகி வந்தது. இளையபெருமாள் விநாயகத்தின் ஒரே மகன், இந்த மெஷினை வாங்கி வைத்தவன். போன மாதம் கோட்டைச் சுனையில் வழுக்கி விழுந்து செத்துப்போனான்.

"எனக்கு மேல்படிப்பு யோகமாம் சார்!" என்று காகிதத்தை நீட்டினார் சிங்கவரத்துப் பொன்னுசாமி. பேரன் எடுத்த மனிதர். "செத்தவன் ஜாதகத்த எங் கையில குடுத்துட்டாங்க. ஊட்ல வைக்கலாமா இத?"

"இன்னிக்கும் இப்டியே வந்துதுன்னா, கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான்" என்றார் விநாயகம்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. புரோகிராம் கெட்டுப்போச்சு, அவ்வளவுதான்" என்று எரிந்து விழுந்தேன். பிளாப்பியைப் போட்டுப் புரோகிராமை முதலிலிருந்து ஏற்றினேன். என் பெயரையே தட்டினேன். பிரிண்டர் கரகரவென்று ஓடியது. இளையபெருமாள், ரேவதி நட்சத்திரம். சத்தியமாகச் சொல்கிறேன், காகிதத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

தோண்டித் துருவியதில் பிடிபட்டது. ஒருவர் விவரத்தை அழித்துவிட்டு அடுத்தவர் விவரத்தை எழுதிக்கொள்ளும் ஃபைலுக்கு யாரோ தடை போட்டிருந்தார்கள். படிக்கலாம், மாற்ற முடியாது. நான் புதிதாக ஏற்றிய புரோகிராமும் அதைத் தொட முடியாமல் விட்டுவிட்டது. புதுப் பெயரை எழுத வழியில்லாததால், உள்ளே இருக்கிற பெயரையே எடுத்து அச்சடித்துக்கொண்டிருந்தது.

"யாருய்யா இதைப் பூட்டினது?" என்று கத்தினேன்.

"நாந்தான்" என்றாள் வாசலில் நின்ற விருத்தாம்பாள், விநாயகத்தின் மனைவி. மகனுக்குக் கூடமாட மெஷினில் தட்டியவள். "கருமாதியன்னிக்கு அவன் ஜாதகத்தக் கிழிச்சி ஏரியில வுட்டாங்க. செத்தவங்க ஜாதகம் ஊட்ல இருக்கக் கூடாதாம். இதுல இருக்கறதையும் அழிச்சிடுவாங்களேன்னு அவன் பேரத் தட்டிப் பூட்டிட்டேன். எப்டிப் பூட்றதுன்னு அவந்தான் சொல்லிக் குடுத்தான்."

என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"எடுத்துடுங்க சார்" என்றார் விநாயகம், சுவரைப் பார்த்துக்கொண்டு.

தடையை நீக்கினேன். பாவம் செய்கிற மாதிரிதான் இருந்தது. பொன்னுசாமியின் பெயரைத் தட்டினேன், இளையபெருமாள் அழிந்து பொன்னுசாமியே வந்தார். வெளியே காத்திருந்த கூட்டம் உற்சாகமாக உள்ளே நெருக்கியது.

விருத்தாம்பாள் வெளியே போய் வரிசையில் நின்றாள். முறை வந்ததும், ஜாதகம் கேட்பவர்கள் உட்காரும் ஸ்டூலில் புருஷனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பேரு இளையபெருமாள்" என்றாள். பிறந்த தேதி, நேரம் எல்லாம் சொன்னாள்.

"வேணாம் விருத்தா."

"நானும் வரிசையிலதான வந்தேன். போடுங்க."

விநாயகம் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். மெஷின் மறுக்கவில்லை. பிரிண்டரிலிருந்து காகிதத்தைக் கிழித்தெடுத்து, மற்றவர்களுக்குப் படிப்பது போலவே படித்தார். "வர்ற தையில..." காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "கல்யாணம்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை முன்னால் நகர்த்தினாள்.

"பொண்ணு எந்தத் திசையிலேர்ந்து வரும்?" என்று கேட்டாள்.