பென்சிலில் போட்ட குறி

“மாட்டோடதே வைக்கச் சொல்லிடு,” என்றாள் மாமியார். “இல்ல, பன்னியோடதா இருந்தாலும் பரவாயில்ல. உள்ளதானே இருக்கப்போகுது, யாரு பாக்கப்போறா?”

அந்த வீட்டுக்குள் முட்டை நுழைந்ததில்லை. போன மாதம் பேத்தியின் பிறந்தநாளுக்கு வந்த கேக்கில் முட்டை இருக்கிறது என்று தெரிந்ததும், அதைப் பெட்டியோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பியவள் இதே மாமியார்தான். குழந்தை ஐந்து மெழுகுவர்த்தியையும் பிஸ்கட் பாக்கெட்டின் மேல் நிற்க வைத்து ஊத வேண்டியதாயிற்று. அவ்வளவு ஆசாரம் பார்க்கிறவள் இப்போது மருமகளின் நெஞ்சுக்குள் பன்றிக்கு இடம் ஒதுக்குகிறாள் என்றால், அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

காரணம் சாப்பாட்டு மேசை மேல் கிடந்தது. மருத்துவமனை கொடுத்த ஒரு காகிதம். அதில் இரண்டு கட்டங்கள். மருமகளின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போய்விட்டது. புதன்கிழமை சேர வேண்டும். வியாழன் காலை நெஞ்சைத் திறந்து அதை மாற்றப்போகிறார்கள். புதிதாக வைப்பதில் இரண்டு வகை. ஒன்று உலோகம். ஆயுசுக்கும் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை போட வேண்டும், அந்த மாத்திரையோடு இன்னொரு பிள்ளை பெறுவது ஆபத்து. மற்றது விலங்கின் திசுவில் செய்தது. அதை வைத்துக்கொண்டால் அந்த மாத்திரை இல்லை, பிள்ளை பெறலாம். ஆனால் இருபத்தெட்டு வயதுக்காரிக்கு அது பத்து வருடம் ஓடினால் பெரிது. பிறகு மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டும்.

“யோசிச்சு முடிவு பண்ணிட்டு வாங்க,” என்று டாக்டர் சொன்னது மருமகளைப் பார்த்து. வீடு வந்து சேருவதற்குள் அந்த முடிவு கைமாறிவிட்டது.

“பத்து வருஷம்னா சின்னக் காலமா?” என்றாள் மாமியார், மகனிடம். “அதுக்குள்ள ஒரு பையனப் பெத்து, அவன் பள்ளிக்கூடமே போயிடுவான். அப்புறம் ஆபரேசனோ என்னவோ நிதானமாப் பாத்துக்கலாம்.”

மகன் மின்வாரியத்தில் மீட்டர் பார்ப்பவன். ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீட்டு மீட்டர்களைப் பிசகில்லாமல் படிப்பான். தன் வீட்டுக்குள் என்ன ஓடுகிறது என்று மட்டும் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். எதையும் முதலில் பென்சிலால் எழுதி, பிறகுதான் பேனாவால் எழுதுவது அவன் தொழில் பழக்கம். இப்போதும் திசு வால்வுக் கட்டத்தில் பென்சிலால் ஒரு சின்னக் குறி போட்டான்.

“உனக்கும் சரின்னா பேனாவால போட்டுடலாம்,” என்றான் மனைவியைப் பார்த்து.

“அவளக் கேக்கறதுக்கு இதுல என்ன இருக்கு?” என்றாள் மாமியார்.

ஜன்னலோரம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த மருமகள், “சரிங்க,” என்றாள்.

வாய் செத்தவள் என்று அவளை நினைத்துவிடக் கூடாது. தெருவில் அவள் பெயரே டெய்லரம்மா. அளவு கொடுத்த பிறகு பெருத்துப்போய் வந்து, தைத்தது இறுக்குகிறது என்று சண்டைக்கு நிற்பவர்களை ஒரே பேச்சில் திருப்பி அனுப்புகிறவள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவளுக்கு நாக்கு எழவில்லை. குற்றமுள்ளவள் வாதாடுவது எப்படி?

எட்டு வயதில் அவளுக்குத் தொண்டை வலி வந்தது. பிறகு காய்ச்சல், முழங்கால் மூட்டுகள் பழம் போல வீங்கின. இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். ‘காய்ச்சல் இதயத்தத் தொட்டிருக்கு, கவனமா இருக்கணும்’ என்று அன்றைய டாக்டர் சொன்னார். மாதம் ஒரு ஊசி என்று பல வருடம் போட்டார்கள். பெண் பார்க்க வந்தபோது மாமியார் கேட்டது ஒரே கேள்வி. “பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?” அவளுடைய அம்மா முகம் மாறாமல், “தும்மல்கூட வராதுங்க,” என்றாள். உள்ளறையில் இருந்தவள் அதைக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். சீக்காளி என்று பேர் வந்தால் பெண் வீட்டோடுதான் என்று அம்மா பயந்ததில் பொய் இல்லை. அப்படித்தான் உலகத்தை நாம் வைத்திருக்கிறோம். பையனின் கண்ணாடிப் பவர் என்ன என்றுகூட யாரும் கேட்கவில்லை.

அந்தப் பொய்யோடு அவள் ஏழு வருடம் குடித்தனம் நடத்திவிட்டாள். ஸ்கேன் எடுத்த டாக்டர், “சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா?” என்று கேட்டபோதும், பக்கத்தில் கணவன் இருந்ததால், “ஞாபகம் இல்ல,” என்று மென்று முழுங்கினாள். ஆகவே வீட்டில் மாமியார் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தாள்: பிரசவம். “இந்தப் பொண்ணப் பெத்ததுலதான் அவளுக்கு நெஞ்சே போச்சு,” என்று உறவுக்காரர்களிடமெல்லாம் தொலைபேசியில் சொன்னாள். மருமகள் மறுக்கவில்லை. பழி தன் அம்மா மேல் விழவில்லையே என்று உள்ளூர நிம்மதிகூடப் பட்டாள். வீட்டை ஏமாற்றி வந்ததற்கு ஈடாக ஒரு பையனைப் பெற்றுக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று அவளுக்கே தோன்றியிருந்தது.

மாமியார் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். மகன் செய்தித்தாளுக்குள் தலையைக் கொடுத்தான். டெய்லரம்மா மகளைக் கூப்பிட்டாள்.

“பொடிசு, இங்க வா. யூனிஃபார்ம் அளவு எடுக்கணும்.”

பள்ளி திறக்க ஒரு மாதம் இருந்தது. ஆனால் வியாழனுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் மெஷினைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தொட முடியாமலே போனால் என்ன செய்வது என்ற எண்ணமும் அவளுக்கு உண்டு. அதனால் இந்த வருடத்துக்கு ஒன்று, அடுத்த வருடத்துக்கு ஒன்று, அதற்கடுத்த வருடத்துக்கு ஒன்று என்று மூன்று கவுன் வெட்டி வைத்திருந்தாள். மூன்றுக்கும் கீழே நாலு விரல் மடிப்பு. குழந்தை வளர வளர யாராவது பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.

குழந்தை வந்து நின்றது. ஒரு மாதமாக அது ஏதோ மாதிரி இருந்தது. தூக்கு என்று கேட்பதில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே எடுத்து வைத்தது. ‘அம்மாவுக்கு முடியலன்னு புரிஞ்சு எவ்வளவு பொறுப்பா இருக்கு பாரு’ என்று எல்லோரும் மெச்சினார்கள்.

“மூச்ச விடுடி, மார்பளவு எடுக்கறேன்.”

குழந்தை மூச்சை விட்டது. பிறகு மெதுவாகக் கேட்டது: “ம்மா, நான் உன் வயித்துக்குள்ள இருந்தப்போ உதைச்சேன்ல?”

“ஆமா. நல்லா உதைச்ச.”

“அதுலதான் உனக்கு உள்ள உடைஞ்சுதா?”

டெய்லரம்மாவின் கையில் அளவு நாடா அப்படியே நின்றது.

“யாருடி சொன்னா?”

“யாரும் என்கிட்ட சொல்லல. பாட்டி ஃபோன்ல சொன்னாங்க, என்னப் பெத்ததுலதான் போச்சுன்னு.” குழந்தை தரையைப் பார்த்தது. “நான் மெதுவாத்தாம்மா உதைச்சிருப்பேன்.”

மாமியாரின் கையில் வெங்காயம் உருளாமல் நின்றது. செய்தித்தாள் கீழே இறங்கியது.

தன் பொய்யை இத்தனை நாளும் சுமந்தது தானல்ல, ஐந்து வயதுக் குழந்தை என்று டெய்லரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் இந்த வீட்டில் தன் மதிப்பு என்ன ஆகும் என்று தெரியும். சொல்லாவிட்டால் இந்தக் குழந்தை என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது. குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“நீ உடைக்கலடி. எனக்கு எட்டு வயசுல காய்ச்சல் வந்துச்சு. அப்பவே இது கெட்டுப்போச்சு. நீயும் இல்ல, அப்பாவும் இல்ல, யாருமே இல்ல அப்போ. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் நான் யார்கிட்டயும் சொல்லல.”

“நிஜமாவா?”

“நிஜமாதான். தப்பு என்னோடது.”

குழந்தைக்கு அது போதுமாயிருந்தது. பெரியவர்களுக்குப் போதவில்லை.

“அப்ப ஏழு வருஷமா எங்களக் கேனைங்களாக்கியிருக்கீங்க,” என்றாள் மாமியார். குரல் உயரவில்லை. “தும்மல்கூட வராதுன்னா உங்கம்மா.”

“ஆமா அத்தை. ஏமாத்தித்தான் கட்டிக் குடுத்தாங்க. நானும் கூட இருந்தேன்.”

“பண்ணின தப்புக்காவது ஒரு பையனப் பெத்துக் குடுத்துட்டு, அப்புறம் எந்த இரும்ப வேணா வச்சுக்கோ.”

மீட்டர்காரன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்,” என்றான்.

“சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?”

கட்டியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வராததால் மறுபடி செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவளோடு அதிகம் பேசவில்லை. மறுநாள் காலை குழந்தை பல் தேய்க்க மாட்டேன் என்று தரையில் உருண்டது. ஒரு மாதத்தில் முதல் அடம். டெய்லரம்மா மெஷினை நிறுத்திவிட்டு அந்த அழுகையைச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை மருத்துவமனையில் கணவன் கீழே பதிவு செய்யுமிடத்தில் வரிசையில் நின்றான். வார்டில் சர்ஜன் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். நடுவயதுப் பெண்மணி; பேச்சில் அவசரம் இல்லை. காகிதத்தை எடுத்துப் பார்த்தார்.

“பென்சில்ல இருக்கே. இது உங்க முடிவா?”

“வீட்டு முடிவு மேடம்.”

“நான் வீட்டையா கிழிக்கப்போறேன்?”

டெய்லரம்மாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு, “என் பொண்ணுக்கு இப்போ அஞ்சு வயசு,” என்றாள். “இது பத்து வருஷம் ஓடினா அவ பத்தாவது படிப்பா. அப்போ மறுபடி திறக்கறது இத மாதிரியேதான் இருக்குமா?”

“இதவிடக் கஷ்டமா இருக்கும். முதல் தடவ ஒட்டினதெல்லாம் பிரிச்சுத்தான் உள்ள போகணும். நடுவுல இன்னொரு பிரசவம்னா, அத உங்க இதயம் எப்படித் தாங்கும்னு இப்ப என்னால உறுதி சொல்ல முடியாது.”

“பிரிச்சுத் தைக்கறதுதான் மேடம் என் தொழில். ஒரு தடவ பிரிச்சாத் துணி தாங்கும். அதே எடத்துல ரெண்டாவது தடவைன்னா நான் வேணாம்னு திருப்பிக் குடுத்துடுவேன்.” நிறுத்தினாள். “எனக்காகக் கேக்கறது தப்பு மாதிரியே இருக்கு. அவங்கள ஏமாத்தினவ நான்.”

“அதுக்குத் தண்டனைய நெஞ்சுக்குள்ள வைக்கச் சொல்லி என்கிட்ட யாரும் எழுதிக் குடுக்க முடியாது,” என்றார் சர்ஜன். “ஆனா ஒண்ணு சொல்லிடறேன். மெட்டல் வச்சா அது கடிகாரம் மாதிரி சத்தம் போடும். அமைதியான ரூம்ல பக்கத்துல இருக்கறவங்களுக்கும் கேக்கும். சிலருக்கு அது பெரிய தொந்தரவா இருக்கு. மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் கடைசிவரைக்கும் உண்டு.”

டெய்லரம்மா நர்ஸிடம் ரப்பர் கேட்டு வாங்கினாள். பென்சில் குறியை அழித்தாள். காகிதம் கிழியாமல் அழிக்க அவள் விரல்களுக்குத் தெரியும். பிறகு உலோகக் கட்டத்தில் பேனாவால் குறி போட்டு, கீழே நோயாளி என்ற இடத்தில் கையெழுத்திட்டாள். அடியில் சாட்சி என்று ஒரு கோடு இருந்தது. கணவன் கையெழுத்துக்கு அந்தத் தாள் ஒதுக்கியிருந்த இடம் அவ்வளவுதான்.

அவன் வந்தான். காகிதத்தை வாங்கி இரண்டு கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வந்தது கோபமில்லை, பயம்.

“அன்னிக்குப் பென்சிலால போட்டப்பவே எனக்கு உறுத்திச்சு,” என்றான். பிறகு கோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “அம்மாகிட்ட இப்போதைக்கு மாட்டோடதுதான்னு சொல்லி வைப்போமா? ரெண்டு வருஷம் போகட்டும், டாக்டர் குழந்த வேணாம்னுட்டார்னு சொல்லிக்கலாம்.”

“மறைக்க முடியாதுங்க. இது சத்தம் போடுமாம். பக்கத்துல உக்காந்தா அத்தைக்குக் கேக்கும்.”

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். வார்டின் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“சத்தம் போடாத மெட்டல் ஏதாவது இருக்கான்னு டாக்டரக் கேட்டுப் பாக்கட்டுமா?”

“வேணாம்,” என்றாள் அவள். “எனக்குச் சத்தம் போடறதுதான் வேணும். உடைஞ்சதச் சரி பண்ணியாச்சுன்னு பொடிசு காது வச்சுக் கேக்கணும்.”